நாய் பூனை வளர்த்ததுல உங்களுக்கு என்ன புத்தி வந்துச்சு? (வாட்ஸப் தத்துவம் வேணாம், நடந்தத சொல்லுங்க)

#1 வைகைக்கரை

நாளைக்கு வந்தா எங்க டீசல் போயி நாப்பது நாள். நாய்தான், பேரு டீசல். அப்பா 31 வருசம் பஸ் ஓட்டுனவரு, அவரு வச்ச பேரு வேற எப்படி இருக்கும்.

செத்த அன்னைலருந்து சொந்தக்காரங்க ஆளாளுக்கு "நாயிடம் கற்க வேண்டிய 10 பாடங்கள்"னு ஃபார்வர்ட் அனுப்புறாங்க. நன்றி, விசுவாசம், நிபந்தனையில்லாத அன்பு, அந்த லிஸ்ட்டுதான். எங்க டீசல்கிட்ட விசுவாசம்லாம் பெருசா கிடையாதுங்க, பக்கத்து வீட்ல கருவாட்டுக் கொழம்பு வச்சா அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டு நாய் அது. மறுநாள் காலைல ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து நிக்கும்.

2013 ஐப்பசி மழையில அக்கா பையன் மஞ்சப்பைக்குள்ள போட்டு தூக்கிட்டு வந்தான், பாலத்துக்கு அடியில கெடந்துச்சாம். அப்பா ரிட்டையர் ஆகி ஆறு மாசம் ஆயிருந்துச்சு அப்போ. நாலு மணி ஷிப்டுக்கு எந்திரிச்சு பழகுன மனுசன் எந்திரிச்சு என்ன செய்யன்னு தெரியாம இருட்டுல சேர்ல உக்காந்துருப்பாரு. குட்டிய பாத்துட்டு "விடிஞ்சதும் கொண்டுபோயி விட்டுட்டு வரணும்"னாரு. பதினோரு வருசம் விடியவே இல்ல.

எனக்கு வந்த புத்தி கடைசி வருசத்துலதான் வந்துச்சு. டீசலுக்கு பின்னங்கால்ல வலி, எங்களுக்கு தெரியவே இல்ல. கத்தல, நொண்டல, சோறு ஒழுங்கா தின்னுச்சு. வாசப்படி ஏறும்போது மட்டும் ஒரு நொடி நின்னு யோசிச்சு ஏறும். நான் பாத்தேன், பாத்துட்டு "வயசாயிருச்சுல்ல சோம்பேறி"ன்னு சிரிச்சேன். எக்ஸ்ரே எடுத்த டாக்டர் இடுப்பு மூட்டு தேஞ்சுபோயி ரொம்ப நாளாச்சுங்க, இத்தனை மாசம் கவனிக்கலயான்னாரு. நாய் வலிய மறைக்குமாம், காட்டுல வலிய காட்டுனா அடுத்தது அதத்தான் புடிச்சு திம்பானாம்.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து சும்மா உக்காந்துருந்தேன், அப்பா மொட்டமாடிக்கு ஏறுறாரு, கைப்பிடிய ரெண்டு கையாலயும் புடிச்சு, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் சேத்து வச்சு. எத்தனை நாளா அப்படி ஏறுறாருன்னு யாருக்கும் தெரியல. கேட்டா "ஒண்ணுமில்லடா". ரெண்டு முழங்காலும் போயிருந்துச்சு. நாய பாக்கத் தெரியாதவனுக்கு அப்பன மட்டும் எப்படி பாக்கத் தெரியும்னு ராத்திரி பூரா தூக்கமில்ல.

என்னோடது இதுதான். உங்களோடத சொல்லுங்க.

#2 பூனைக்காரி

வைகை அண்ணா, படிச்சுட்டு எந்திரிச்சு போய் எங்கம்மா எப்படி நடக்குறாங்கன்னு பாத்துட்டு வந்தேன், நிஜமா.

என் கதை அன்புன்ற பேர்ல நடந்த கொலை முயற்சி. எங்க பூனை கத்திரி (கத்திரிக்காய் கலர்னு சொல்லி என் பொண்ணு வச்ச பேரு, அது சாம்பல்தான்) ஒரு நாள் சுருண்டு படுத்துடுச்சு, உடம்பு அனலா கொதிக்குது. ஞாயித்துக்கிழமை, பக்கத்துல கிளினிக் மூடியிருந்துச்சு. வீட்ல பாரசிட்டமால் இருந்துச்சு, நமக்கு போடுறதுதானேன்னு பாதியா உடைச்சு தேன்ல குழைச்சு கையில வச்சிருக்கேன். என்ன தோணுச்சோ, ஃப்ரெண்டோட நம்பர் வழியா ஒரு டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். அவங்க திட்டுன திட்டு இருக்கே, கல்யாணமாகி என் மாமியார்கூட அப்படி திட்டுனதில்ல. பூனை உடம்பால அந்த மருந்தை முறிக்கவே முடியாதாம், ரத்தமே பழுப்பாயிடுமாம், ஒத்த மாத்திரை போதுமாம் ஆளை முடிக்க.

கையில தேனோட நின்னுட்டே இருந்தேன்.

அப்புறம் ஒவ்வொண்ணா தெரிய வந்துச்சு. நாய்க்கு உண்ணி போக முதுகுல ஊத்துற சொட்டு மருந்துல சிலது பூனைக்கு விஷம். லில்லிப் பூ ஜாடி வச்சிருந்தேன் ஹால்ல, அதோட மகரந்தம் பட்டு பூனை நக்குனாலே கிட்னி போயிடும். பால்! பூனைன்னா பால்னுதானே நம்ம எல்லாரும் வளந்தோம், வளந்த பூனை நிறைய பேருக்கு பால் செரிக்காது, கத்திரி ரெண்டு வருஷம் வயித்தால போனதுக்கு காரணம் நான் ஆசையா வச்ச கிண்ணம்தான்.

எனக்கு நல்லதுன்னா அதுக்கும் நல்லதுன்னு நெனச்சிருந்தேன். இதே கூத்தை என் பொண்ணுகிட்டயும் பண்ணிட்டிருக்கேன்னு என் வீட்டுக்காரர் சொல்றார், அவர் சொல்றது இந்த திரியில எடுபடாது.

#3 திண்ணைப்பேச்சு

எல்லாரும் உருகுறீங்க, நல்லது. எனக்கும் ஒரு பாடம் இருக்கு, நான் வளர்க்காத நாய்கிட்ட இருந்து.

எங்க அபார்ட்மெண்ட்ல லிஃப்ட் கதவு தெறந்துச்சு, உள்ள ஒரு நாய், கயிறு ஓனர் கையில தொங்குது, கழுத்துல மாட்டல. "ஒண்ணும் பண்ணாது சார்"னான். சொல்லி முடிக்கல, என் ஆறு வயசு பையன் முழங்கைக்கு கீழ ரெண்டு பல்லு. எங்கம்மா ஓடி வந்து காபித்தூள் அப்பிட்டாங்க. ஊசி போட மொத்தம் நாலு தடவை ஜிஹெச் போனோம், அதுபோக காயத்தை சுத்தி குத்துனாங்களே ஒரு ஊசி, பையன் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. நாய்க்கு தடுப்பூசி போட்ட அட்டைய காட்டுடான்னா தேடிட்டு சொல்றேன்னான், இன்னும் தேடிட்டுதான் இருக்கான்.

இன்னிக்கும் என் பையன் நாய் இருக்கற தெருவுல நடக்க மாட்டான். வாழ்க்கைப் பாடமாம்.

#4 நொய்யல்

திண்ணை சார், உங்க கோவம் நியாயம்ங்க. ஆனா அது நாய் மேல வர வேண்டியதா?

#5 திண்ணைப்பேச்சு

கடிச்சது நாய்தானே சார், ஓனர் பல்லா பதிஞ்சுது.

#6 கால்நடைஜூனியர்

கால்நடை மருத்துவம் படிச்சிட்டிருக்கேன், ஃபைனல் இயர். திண்ணை அண்ணா, நாங்க கிளினிக்ல அதிகமா வெறுக்கற வாக்கியமே "ஒண்ணும் பண்ணாது"தான். எங்க கையிலயும் அதே வாக்கியத்தோட தழும்பு இருக்கு.

இத படிக்கறவங்களுக்காக சொல்லிடறேன், காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீங்க. ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம், கடிகாரம் பாத்து 15 நிமிஷம் கழுவணும். ரேபிஸ் கிருமி சோப்புக்கு தாங்காது, பாதி வேலை அங்கயே முடியும். அப்புறம் அன்னிக்கே ஆஸ்பத்திரி. தோல்ல போடுறதா இருந்தா 0, 3, 7, 28ம் நாள்னு நாலு தடவை, சதையில போட்டா நடுவுல 14ம் நாளும் சேரும். ரத்தம் வந்த கடின்னா காயத்துலயே போடுற அந்த வலிக்கற ஊசியும் கண்டிப்பா வேணும், தம்பிய அழ விட்டு போட்டாங்க பாருங்க, அவங்க சரியாதான் செஞ்சிருக்காங்க. நோய் அறிகுறி வந்துட்டா அதுக்கப்புறம் காப்பாத்த வழியில்ல, அதனால வீட்டு நாய்தானேன்னு யாரும் விடாதீங்க. வீட்டு நாயா இருந்தா பத்து நாள் கண்ல வச்சு பாக்கணும், ஊசிய அதுக்காக தள்ளிப்போடக் கூடாது.

#7 செவக்காட்டான்

நாய் பூனைதான் பெட்டா? எங்க பக்கம் பெட்டுன்னா என்னன்னே தெரியாது, வளப்புதான். வளத்தா ஒரு காரியத்துக்கு வளப்போம்.

நாலாப்பு படிக்கையில அய்யா ஒரு கெடாக்குட்டிய வாங்கிட்டு வந்தாரு, கொலசாமிக்கு நேந்து விட்டது. மேய்க்கிற பொறுப்பு எனக்கு. வாங்கிட்டு வந்த அன்னைக்கே அப்பத்தா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு, "பேரு மட்டும் வைக்காதடா". நான் சரின்னுட்டு மறுநாளே பேரு வச்சுட்டேன். என்ன பேருன்னு கேக்காதீங்க, இதுவரைக்கும் எம்பொண்டாட்டிக்குகூட சொன்னதில்ல.

ரெண்டு வருசம். கருவேலங்காய் பொறக்கி ஜோப்புல போட்டுக்கிட்டு வருவேன், பள்ளிக்கூட மணி அடிச்சா அது கேட்டுக்கு வந்து நிக்கும். பங்குனி பொங்கலுக்கு மாலையப் போட்டு கோயிலுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனது நான்தான், வேற யாரு கூப்புட்டாலும் வராதே அது. தண்ணிய தெளிச்சாங்க, தலைய சிலுப்புனாத்தான் சாமி உத்தரவு. அது சிலுப்பல. என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிது. கூட்டம் பூரா காத்துக்கிட்டு நிக்கிறாங்க, ரெண்டாந்தடவ தெளிக்கிறாங்க, நான் மனசுக்குள்ள சிலுப்பாத சிலுப்பாதங்கறேன். மூணாந்தடவ காதுக்குள்ள தண்ணி போயிருச்சு.

அன்னைக்கு எல எனக்கும் போட்டாங்க. திங்கல. அப்பத்தா மட்டும் எம்பக்கத்துல திங்காம உக்காந்துருந்துச்சு, அதுவும் சின்ன வயசுல ஒண்ணுக்கு பேரு வச்சிருக்கும் போல.

இப்பயும் கறி திங்கிறேன், ஞாயித்துக்கெழம கறி இல்லாட்டி எனக்கு ஞாயித்துக்கெழமயே இல்ல. இதுல என்ன பாடம்னு கேட்டா சொல்லத் தெரியல. தட்டுல இருக்கறது ஒரு காலத்துல எதையாவது பாத்துக்கிட்டு நின்னிருக்கும்னு தெரியும், தெரிஞ்சேதான் திங்கிறேன்.

#8 பூனைக்காரி

அண்ணா இத காலைல ஆபீஸ் பஸ்ல படிச்சிருக்கக் கூடாது நான்.

#9 கிளிஜோசியம்

எங்க தாத்தா வீட்ல பச்சைக்கிளி வளர்த்தோம், றெக்கைய கொஞ்சமா வெட்டி விடுவோம், அழகா அக்கான்னு கூப்பிடும். பொறுமைய கத்துக்கிட்டோம் அதுகிட்ட.

#10 கால்நடைஜூனியர்

பழைய கதைன்னா சரி. இப்ப யாராவது வச்சிருந்தா, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்க்கறதே குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். றெக்கைய வெட்டி உக்கார வச்சா அதுக்கு பேரு அதோட பொறுமை இல்லைங்க.

#11 நொய்யல்

நம்மளுதையும் சொல்லிப்போடறேனுங்க. நமக்கு ஜம்பம் ஜாஸ்தி. 2005ல இந்திய தபால்துறை நாட்டு நாய்களுக்குன்னு ஸ்டாம்ப் போட்டாங்க, அதுல நம்ம ராஜபாளையமும் ஒண்ணு. அந்த ஸ்டாம்ப்பை பாத்ததுலருந்து வாங்குனா அதுதான், பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, வாசல்ல நின்னா ஊரே பாக்கோணும்னு ஒரு வெறி. பல வருசம் கழிச்சு கொறையாம பணம் கொடுத்து குட்டி வாங்கிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கூப்புட்டேன், திரும்பவே இல்லைங்க. திமிரு புடிச்ச நாய், ராஜ பரம்பரை அப்படித்தான் இருக்கும்னு நாலு பேர்த்துகிட்ட பெருமையா வேற சொன்னேன். அப்பறம் சம்சாரம் பின்னாடி நின்னு ஈயப் பாத்திரத்தை தரையில போட்டுப் பார்த்தா, வால்கூட அசையல. காது கேக்கலைங்க அதுக்கு. முழு வெள்ளையா வேணும்னு ஒரே ரத்தத்துக்குள்ளயே சேத்து சேத்து வளத்தா செவிடும் கூடவே வந்துருமுன்னு அப்பறம் டாக்டர் சொன்னாரு. குடுத்தவனுக்கு போன் போட்டேன், வேணும்னா மாத்திக்கங்கன்னான். இதை என்ன பண்ணுவன்னு கேட்டேன், பதில் சொல்லலீங்க. வச்சுக்கிட்டேன்.

செவிட்டு நாயோட இருக்கறது ஒரு தனி படிப்புங்க. தூங்கும்போது பின்னாடி போயி தொடப்படாது, பயத்துல கடிச்சுப்போடும், அது தப்பில்ல. காலால தரையை ரெண்டு தட்டு தட்டுனா அதிர்வுல எந்திரிக்கும். ராத்திரி வெளிய நின்னா வாசல் லைட்டை அணைச்சு அணைச்சு போடுவேன், ஓடி வரும். கையால வா, உக்காரு, போதும், சோறு, அத்தனையும் கத்துக்கிச்சு ரெண்டு மாசத்துல. கத்திக் கூப்புடற பழக்கமே எனக்கு போயிருச்சு.

எங்க அம்மாவுக்கும் காது மந்தம்ங்க, பத்து வருசமா. நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னா அடுத்த ரூம்ல இருந்து கத்துவேன், அவங்க "என்ன சாமி"ம்பாங்க, நான் எரிஞ்சு விழுவேன். நாய்க்கு முன்னாடி போயி நின்னு கண்ணைப் பாத்து பேசத் தெரிஞ்சவன் அம்மாகிட்ட அதை செஞ்சது கிடையாது. வைகைக்காரர் சொன்னதேதானுங்க இதுவும், நமக்கு புதுசா சொல்ல ஒண்ணுமில்ல.

#12 பனங்கிழங்கு

அண்ணாச்சிமாரே நடுவுல வாரதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டு நாயி ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்கு. மூணு வயசு, நாட்டு நாயிதான். ஒரே மூலையில கெடக்கு. பக்கத்துல எல்லாரும் வெயில் சூடு, தயிர் சோறு குடு சரியாயிரும்னு சொல்லுதாங்க. மேல உள்ளதெல்லாம் படிச்சதும் பயமா இருக்கு. என்ன பாக்கணும்?

#13 கால்நடைஜூனியர்

உதட்டை தூக்கி ஈறை பாருங்க. என்ன கலர்? விரலால ஒரு இடத்துல அழுத்தி விடுங்க, வெளுத்து ரெண்டு நொடிக்குள்ள திரும்ப ரோஸ் ஆகணும். ஈறு கருப்பா இருக்கற நாய்னா கண்ணோட கீழ் இமைய மெதுவா இழுத்து உள்பக்கம் பாருங்க. காது மடிப்புல, விரல் இடுக்குல உண்ணி இருக்கா? மூக்குல ரத்தம், வயித்து தோல்ல சிவப்பா புள்ளி புள்ளியா?

#14 பனங்கிழங்கு

ஈறு வெளுத்துப் போயி பேப்பர் மாதிரி கெடக்கு. உண்ணி நாலஞ்சு இருந்துச்சு, போன வாரம் எண்ணெய் தடவி எடுத்தேன். வயித்துல ஊதா புள்ளி இருக்கு, எறும்பு கடின்னுல்லா நெனச்சேன்.

#15 கால்நடைஜூனியர்

உடனே கிளம்புங்க, காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க. உண்ணிக் காய்ச்சல் மாதிரி தெரியுது, போன்ல உறுதியா சொல்ல முடியாது, ரத்தம் பாத்தாதான் தெரியும். சிபிசி எடுக்கச் சொல்லுங்க, பிளேட்லெட் முக்கியம். வீட்ல இருக்கற எந்த மாத்திரையும் குடுக்காதீங்க.

#16 திண்ணைப்பேச்சு

எந்த ஊர் நீங்க? டவுன்ல இருந்தா ஆட்டோக்காரன் நாயை ஏத்த மாட்டான், பெட்ஷீட்ல சுத்தி மடியில வச்சுக்கறேன்னு முன்னாடியே சொல்லிடுங்க. இல்லன்னா சரக்கு ஆட்டோ கூப்பிடுங்க.

#17 பூனைக்காரி

திண்ணை அண்ணா 🙏

#18 திண்ணைப்பேச்சு

கும்பிடு எல்லாம் வேணாம். கயிறு மாட்டிட்டு போகச் சொல்லுங்க.

#19 பனங்கிழங்கு

இப்பதான் வந்தேன், மணி ராத்திரி பன்னெண்டு. பிளேட்லெட் 32 ஆயிரமாம், ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கணுமாம். உண்ணிக் காய்ச்சல்தான். ட்ரிப்ஸ் ஏத்துனாங்க, டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள், வெறும் வயித்துல குடுக்கப்பிடாது, நடுவுல நல்லாயிருச்சுன்னு நிறுத்தப்பிடாதுன்னு ரெண்டு மட்டம் சொல்லி அனுப்புனாங்க. இன்னும் ரெண்டு நாள் தயிர் சோறு குடுத்துருந்தா முடிஞ்சிருக்கும்.

டாக்டர் இன்னொண்ணு சொன்னாவ, உண்ணி நாயில இருக்கதவிட வீட்லதான் ஜாஸ்தியாம். குடிச்சுட்டு கீழ விழுந்து செவுத்து வெடிப்புல போயி ஆயிரக்கணக்குல முட்டை வைக்குமாம். ராத்திரியோட ராத்திரியா டார்ச் அடிச்சு பாத்தேன், சாமி படத்துக்கு பின்னால வரிசையா ஏறிக்கிட்டு கெடக்கு. நாய மட்டும் குளிப்பாட்டிக்கிட்டு கெடந்தேன் இத்தன நாளு.

#20 செவக்காட்டான்

வெடிப்ப பூரா சிமெண்டு பால் ஊத்தி அடைச்சிருங்க தம்பி. உண்ணிய கையில நசுக்காதீங்க, சோப்புத் தண்ணியில போடுங்க.

#21 மலைக்கோட்டை77

எல்லாம் சரிதான், ஆனா இந்த திரி வாழ்க்கைப் பாடத்துலருந்து வைத்தியத்துக்கு போயிடுச்சே. தனித் திரி போட்டிருக்கலாம். நான் சொல்ல வந்தது, எங்க நாய் ஜிம்மி எங்களுக்கு கத்துக்குடுத்தது என்னன்னா இந்த நொடியில வாழ்றது, நேத்தைய கவலை கிடையாது நாளைய பயம் கிடையாது...

#22 வைகைக்கரை

மலைக்கோட்டை அண்ணே, கோச்சுக்காதீங்க, தலைப்பை ஒரு தடவை பாருங்க. அதுவும் நாளைய பயம் இல்லாத நாய நான் பாத்ததில்ல, டீசல் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி மொத வெடி சத்தம் கேட்டதும் அப்பா கட்டிலுக்கு அடியில போயிரும், கார்த்திகை வரைக்கும் வெளிய வராது. அப்பா ஜன்னலை சாத்திட்டு டிவிய சத்தமா வச்சுட்டு கீழ தரையில பாய் விரிச்சு அது பக்கத்துல படுத்துக்குவாரு. எங்க யாருக்கும் காய்ச்சல்னாக்கூட பக்கத்துல வந்து படுத்த ஆளு கிடையாது அவரு. பொறாமையா இருக்கும் சில நேரம்.

#23 மலைக்கோட்டை77

சரிப்பா. ஜிம்மியும் வெடிக்கு பயப்படும்தான்.

#24 நொய்யல்

வைகைக்காரரே, ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். அப்பா இப்ப எப்படி இருக்காருங்க? முழங்காலுக்கு ஏதாச்சும் பாத்தீங்களா?

#25 வைகைக்கரை

பாத்தோம். ஆபரேசன் வேணாம்னுட்டாரு, மாத்திரையும் எக்சர்சைசும்தான். மாடியில இருந்த அவரு ரூமை கீழ மாத்திட்டோம், அதுக்கு ஒரு மாசம் சண்டை.

சங்கிலி இன்னும் ஆணியிலதான் தொங்குது, யாரும் எடுக்கல. காலைல அஞ்சரைக்கு டான்னு எந்திரிச்சு சட்டைய மாட்டிட்டு கிளம்பிருவாரு, டீசல் நடக்குற அதே ரூட்டு, அதே டீக்கடை, அதே கரண்ட் கம்பம் வரைக்கும். எங்கப்பா போயிட்டு வர்றீங்கன்னா பால் வாங்கன்றாரு. எங்க வீட்டுக்கு பால் பாக்கெட் வாசல்லயே வந்து விழும், பத்து வருசமா.

நாங்க அந்த ரெண்டாவது பாலுக்கு தயிர் தோய்ச்சுக்கறோம்.

#26 பனங்கிழங்கு

இன்னைக்கு மறுபடியும் ரத்தம் பாத்தாச்சு, 1 லட்சத்து 40 ஆயிரம். ஈறு லேசா ரோஸ் அடிக்கு. செவுத்துல சிமெண்டு பூசியாச்சு, ஈரமா இருக்கும்போதே அது மேல ஏறி நடந்து நாலு காலையும் பதிச்சு வச்சிருக்கு, கொத்தனாரு திரும்ப பூசவான்னு கேட்டாரு.

வேண்டாம்னுட்டேன்.